கடமான் பல்லுக்குத் தங்கம் கட்டினேன்

நகைத் தொழிலில் நெருப்பும் புகையும்கூடப் பழகிவிடும், வாடிக்கைக்காரர் எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பது மட்டும் கடைசிவரை பழகுவதில்லை.

தையற்காரர், நாவிதர், நாடி பிடிக்கும் வைத்தியர் என்று கையில் வேலையும் காதில் அடுத்தவர் பெருமையுமாகக் காலம் தள்ளுகிறவர்கள் எல்லோரும் எனக்குப் பங்காளிகள். உங்களிடம் சொன்னால்தான் என் பாடு புரியும். சேலம் கடைவீதியில் என் பட்டறை. எல்லாப் பத்தர்களையும் போல நானும் தோடும் மூக்குத்தியும் செய்துகொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்திய அந்த வருஷங்களில், வேட்டையாடிய மிருகத்தின் பல்லையும் நகத்தையும் ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளும் பைத்தியம் இந்தப் பக்கத்தில் பலருக்குப் பிடித்திருந்தது. எப்படியோ அவர்களுக்கெல்லாம் நான் ஆஸ்தான பத்தர் ஆகிவிட்டேன். போதாததற்கு, ஒரு பெண்ணின் கல்யாணமே ஒரு கடமான் பல்லில் மாட்டிக்கொண்டு என் பட்டறையில் வந்து நின்றது. அந்தக் கதைக்குப் பிற்பாடு வருகிறேன்.

சர்க்கரை எடுக்கும் கை

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்கார துரையின் சமையற்காரர் அந்தோணி. ஒரு நாள் அவர் வந்து தீப்பெட்டி ஒன்றைத் திறந்து என் முன்னால் கவிழ்த்தார். உள்ளே பஞ்சில் சுற்றி இரண்டு பல். துரைக்கு வயசாகிவிட்டது என்று கேள்விப்பட்டிருந்ததால், "அடடா, எப்போது விழுந்தது?" என்று துக்கம் விசாரித்தேன். அந்தோணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அது கடமான் பல்லாம். அமெரிக்கா தேசத்தில் இதைவிடப் பெரிய மான் ஒன்று இருக்கிறதாம். அங்கே அதன் பல்லைத் தந்தம் என்றே சொல்லி வேட்டைக்காரர்கள் பத்திரப்படுத்துவார்களாம். துரைக்கு அந்த மான் கிடைக்கவில்லை, நம் ஊர் மானை வைத்து ஆசையைத் தீர்த்துக்கொண்டார்.

கடமானின் மேல் தாடையில் மற்றப் பற்களோடு சேராமல், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பல் தனியே நிற்கும். புளியங்கொட்டை அளவு இருக்கும். வழவழப்பாக, வெண்மையில் கொஞ்சம் தேன் நிறம் கலந்திருக்கும். செருப்பைப் போலவே இதிலும் இடது வலது உண்டு. இடது பல் ஒரு பக்கம் வளைந்தால் வலது பல் எதிர்ப்பக்கம் வளையும். பார்த்துக் கட்டினால்தான் சோடி எடுக்கும். நேரே நெருப்பில் காட்டினால் வெடித்துவிடும் என்பதால், தங்கத்தில் முதலில் சின்னக் குப்பி செய்து, அது ஆறிய பிறகு அரக்கு வைத்துப் பல்லைப் பதித்தேன். துரையின் சட்டைக் கைக்கு இரண்டு பித்தான் தயார்.

வாங்கிப் போக வந்த அந்தோணி, பல் சட்டைக்கு வெளியே நன்றாகத் தெரியும்படி இருக்கிறதா என்று தன் கையிலேயே வைத்து நீட்டி நீட்டிப் பார்த்தார். இவ்வளவு அக்கறை எதற்கு என்றேன். அவர் சொன்னது: "வெளிய தெரியணும் பத்தரே. வீட்டுக்கு வர்ற தொரைங்க முன்னால எங்க தொரை சர்க்கரை எடுக்கக் கையை நீட்டுவாரு. 'இது என்ன?'ன்னு யாராச்சும் கேக்கலைன்னா அன்னிக்கு டீ நல்லா இல்லைன்னு என்னைத் திட்டுவாரு."

அம்மாபேட்டைக் கோழி

துரைக்கு வேலை செய்த செய்தி பரவியதும், வேட்டைச் சாமான் எல்லாவற்றுக்கும் நான்தான் என்று ஆகிவிட்டது. அம்மாபேட்டையிலிருந்து தறி நெய்யும் ஒருவர் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். குழந்தை எதைக் கண்டாலும் வீரிட்டு அழுகிறதாம். புலி நகம் கட்டினால் பயம் தெளியும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நானும் வெள்ளியில் பூண் போட்டு, ஒரு புலி நகத்தைக் கயிற்றில் கோத்துக் கொடுத்தேன். மனிதர் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

பத்து நாள் கழித்து நகத்தோடு திரும்பி வந்துவிட்டார். நகம் போலி என்று சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து, நான் ஞாயம் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் கோபமே இல்லாமல் உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னார்: "நகத்து மேல குத்தமில்லீங்க பத்தரே. எங்க தெருவுல புலி கிடையாது, அதனால புலிக்கு அது அழறதில்ல. அழறதெல்லாம் கோழியப் பாத்துத்தான். இதே மாதிரி ஒரு கோழி நகம் கட்டிக் குடுத்துருங்க."

தடம் பார்த்தவன் பங்கு

துரைக்கு மான் காட்டிக் கொடுத்தவர் சடையன், சேர்வராயன் மலைக்காரர். மண்ணில் காலடியைப் பார்த்து, மான் எந்தப் பக்கம் போனது, எங்கே படுக்கும் என்று சொல்லி வேட்டைக்காரர்களைக் கூட்டிப் போவது அவர் வேலை. செவ்வாய்ப்பேட்டைச் சந்தைக்கு இறங்கும்போதெல்லாம் என் பட்டறையில் வந்து கொஞ்சம் உட்கார்ந்து போவார். என் வாடிக்கைக்காரர்களில் வாயைத் திறக்காமல் உட்காரத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

மலையில் ஒரு வழக்கம் இருப்பதை அவர்தான் சொன்னார். மான் விழுந்தால் வலது பல் சுட்டவருக்கு, இடது பல் தடம் பார்த்தவருக்கு. நம் ஊர் வேட்டைக்காரர்கள் அதை மீறமாட்டார்கள், மீறினால் அடுத்த தடவை மான் கண்ணில் படாது என்று பயம். துரை மட்டும் வெள்ளைக்காரர் என்பதால் இரண்டையும் எடுத்துக்கொண்டார், சடையனும் விட்டுவிட்டார். சடையன் இடுப்பில் ஒரு சுருக்குப்பை. அதைப் பிரித்துக் காட்டினார், உள்ளே ஒரு கைப்பிடிப் பல். எல்லாம் இடது. மகன் இடுப்புக் கயிற்றில் கோக்க ஒன்றில் துளை போட்டுத் தரச் சொன்னார். மீதியை என்ன செய்வீர் என்றேன். உப்புக்கும் கம்பளிக்கும் மாற்றிக்கொள்வாராம். உங்கள் பங்கை யார் ஐயா வாங்குகிறார்கள் என்று கேட்டதற்கு, அவர் என் காதருகே குனிந்து சொன்னார்: "ஆரு வாங்குவாங்க சாமி? மலைக்கு வந்தும் ஒண்ணும் சுடாதவிங்கதான் வாங்குவாங்க. சுட்டவருகிட்டத்தான் ஒண்ணு இருக்குதே!"

டுமீல்

இப்போது மிட்டாதார் வருகிறார், எல்லோரும் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள். மோகனூர்ப் பக்கம் காவிரிக் கரையில் நிலபுலன் உள்ள பெரிய மனிதர். அவருக்குச் சேலம் கோர்ட்டில் ஓயாமல் வழக்கு. வழக்குத் தள்ளிப்போகும் போதெல்லாம் துப்பாக்கியோடு மலை ஏறிவிடுவார். இறங்கும்போது கையில் ஒரு கடமான் பல் இருக்கும். அதை நான் குப்பி வைத்து அவருடைய கடிகாரச் சங்கிலியில் கோத்துத் தரவேண்டும். வயிற்றின் குறுக்கே அந்தச் சங்கிலி தொங்கும் அழகைப் பார்த்தால் கடிகாரம் எதற்கு என்று தோன்றும். மணி பார்ப்பதற்காக அவர் அதை எடுத்து நான் கண்டதில்லை, யாராவது பல்லைப் பற்றிக் கேட்கிறார்களா என்று பார்க்கத்தான் எடுப்பார்.

கதை சொல்லும்போது அவர் துப்பாக்கியாகவும் மாறிவிடுவார். நான் ஊதுகுழலை வாயில் வைத்துச் சுடரைப் பக்குவமாகத் திருப்பிக்கொண்டிருக்கும்போது பார்த்துத்தான் "டுமீல்!" என்பார். பற்றவைக்கப் பொடி வைத்த தங்கம் துள்ளிக் கீழே விழும். தேடி எடுத்து மறுபடி வைத்தால், மான் இன்னும் சாகவில்லை, இன்னொரு டுமீல். பங்காளிகளே, இதற்கெல்லாம் கூலியில் சேர்த்து வாங்க வழி இருக்கிறதா?

ஒரு முறை அவருடைய மனைவி வள்ளியம்மாளும் கூட வந்திருந்தார். மிட்டாதார் வெற்றிலை துப்ப வெளியே போயிருந்தார். சங்கிலி என் தட்டில் கிடந்தது. அந்த அம்மாள் அதை எடுத்து விரலால் ஒவ்வொரு பல்லாக நகர்த்திப் பார்த்தார். பிறகு, "ஏம் பத்தரே, செருப்பாட்டம் இதுலயும் இடது வலது உண்டுங்களா?" என்று கேட்டார். என் வாயில் ஊதுகுழல் இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன். அந்தச் சங்கிலியில் ஒரு வலது பல்கூட இல்லை என்பது எனக்கு வெகு நாளாகத் தெரியும். தடம் பார்த்தவர் பங்கையே இத்தனை வருஷமாக இவர் சேர்த்திருக்கிறார். ஊதுகுழலைக் கண்டுபிடித்த மகராசன் யாரோ, அவன் வாடிக்கைக்காரர்களை நன்றாகத் தெரிந்தவன். அம்மாளும் அதற்கு மேல் கேட்கவில்லை. மிட்டாதார் உள்ளே வந்து, புதுப் பல்லின் மான் பாறை உச்சியில் நின்ற கோலத்தைச் சொல்ல ஆரம்பித்தார். அம்மாள் என் பக்கம் திரும்பி, தன் தோட்டின் திருகைச் சரிபார்த்துக்கொண்டே சொன்னார்: "ஊட்டுல அவிய சொன்னப்ப இந்த மான் ஓடையிலதானுங்க தண்ணி குடிச்சுக்கிட்டு நின்னுச்சு. சேலம் வாரதுக்குள்ளார பாறை மேல ஏறிப்போடுச்சு."

எருமைக்கன்றின் கண்

மிட்டாதாருக்கு ஒரே மகள், பாவாயி. மிட்டாதாரின் அக்காள் மகன் செங்கோடன் மோகனூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தார். செங்கோடனுக்குத்தான் பாவாயி என்று குடும்பத்தில் எப்போதோ பேசி முடித்தது. இருவருக்கும் அதில் கொள்ளை ஆசை. இந்தச் சமயத்தில் பரமத்தியிலிருந்து இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருக்கும் ஒருவர் பெண் கேட்டு வந்தார். மிட்டாதாருக்கு வேட்டைக்கார மருமகன் ஆசை வந்துவிட்டது. அக்காளிடம் கொடுத்த வார்த்தையையும் தட்ட முடியவில்லை. ஆகவே ஒரு நிபந்தனை போட்டார். தை பிறப்பதற்குள் செங்கோடன் ஒரு கடமானைச் சுட்டு அதன் பல்லைக் கொண்டுவந்தால் பெண், இல்லாவிட்டால் பரமத்தி.

மார்கழிக் கடைசியில் செங்கோடன் என்னிடம் வந்தார். உள்ளங்கையில் இரண்டு பல். முகத்தில் சந்தோஷம் இல்லை. கேட்காமலே சொல்லிவிட்டார். இரவல் துப்பாக்கியோடு சடையனைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போனாராம். மான் வந்ததாம். அது அசையாமல் நின்று அவரைப் பார்த்ததாம். "என்ற ஊட்டு எருமைக்கன்னு பாக்கற மாதிரியே பாத்துச்சுங்க. எப்படிங்க சுடறது?" என்றார். திரும்பி நடந்தவரைப் பார்த்துச் சடையன் இரக்கப்பட்டிருக்கிறார். ஒன்று மட்டும் கொடுத்தால் தடம் பார்த்தவர் பங்கு என்று சந்தேகம் வரும், துரையைப் போல இரண்டும் இருக்கட்டும் என்று சுருக்குப்பையிலிருந்து இரண்டாகவே எடுத்துக் கொடுத்துவிட்டார்.

வாங்கித் திருப்பிப் பார்த்தேன். இரண்டும் இடது. ஒரு மானுக்கு இரண்டு இடது பல் எங்கிருந்து வரும்? சொன்னேன். பையன் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். பார்க்கப் பாவமாக இருந்தது. பாவாயியை நினைத்தால் இன்னும் பாவமாக இருந்தது. பல் இல்லாவிட்டாலும் வந்து சேர், நான் பேசிக்கொள்கிறேன் என்று அந்தப் பெண் சொல்லி அனுப்பியிருந்ததாம். செங்கோடன் நிமிர்ந்து, ஏதோ வழி கிடைத்தவரைப் போல என்னைக் கேட்டார்: "ஒண்ணைத் தலைகீழாத் திருப்பிக் கட்டிப்போடுங்க பத்தரே. மான் வந்தா சாட்சி சொல்லப் போவுது?"

சோடி

நான் திருப்பவில்லை. திருப்பினாலும் இடது இடதுதான். எப்படி வந்ததோ அப்படியே இரண்டுக்கும் குப்பி வைத்துக் கட்டினேன். என் பட்டறையில் வைத்துத்தான் பல்லைப் பார்ப்பேன் என்று மிட்டாதார் சொல்லியிருந்தார். சொன்ன நாளில் மனைவி, மகளோடு வந்து இறங்கினார். பாவாயிக்கு வளையல் அளவு எடுக்க என்று சாக்கு. செங்கோடன் ஏற்கனவே வந்து ஓரமாக நின்றுகொண்டிருந்தார். பாவாயி வளையலை மாட்டிக்கொண்டு, கண்ணை மட்டும் செங்கோடன் பக்கம் வைத்திருந்தாள்.

மிட்டாதார் இரண்டு பல்லையும் உள்ளங்கையில் போட்டு உருட்டினார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். ஒன்றோடொன்று சேர்த்து வைத்தார். அவை சேரவில்லை. செங்கோடன் பக்கம் திரும்பினார்.

"ரெண்டும் தடம் பாத்தவன் பங்கு. சுட்டவன் பங்கு எங்க மாப்ளே?"

செங்கோடன் மழுப்பவில்லை. "நான் சுடலீங்க மாமா. மான் வந்து நின்னுச்சு, எனக்கு மனசு வல்லீங்க. இது சடையன் குடுத்ததுங்க" என்று உள்ளதைச் சொல்லிவிட்டார். அப்படிச் சொன்னதும் எனக்கு அவர்மேல் மரியாதை பிறந்தது. இவ்வளவு காலம் இந்தப் பட்டறையில் வேட்டைக்காரர் ஒருவர்கூட அப்படி ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை.

மிட்டாதார் எழுந்து நின்றார். நெஞ்சை நிமிர்த்தினார், சங்கிலி குலுங்கியது. "சந்தையில வாங்குன பல்லைக் காட்டி என்ற மகளைக் கேக்கறயா? மான் முன்னால கை நடுங்கறவனுக்குப் பொண்ணு கிடையாது. பரமத்திக்குச் சொல்லியனுப்பறேன்" என்றார். பாவாயி வளையலைக் கழற்றித் தட்டில் வைத்துவிட்டாள். அந்தச் சத்தம் எனக்கு டுமீலைவிடப் பெரிதாகக் கேட்டது.

அப்போது வள்ளியம்மாள் எழுந்தார். கோபமில்லை, அவசரமில்லை. கணவருடைய வயிற்றின் குறுக்கே கிடந்த சங்கிலியின் கொக்கியைக் கழற்றி என் முன்னால் பட்டடைமேல் வைத்தார். "குத்தம் இவ்வளவுதானுங்களே பத்தரே, ரெண்டும் இடதாப் போச்சு. அவிய இத்தனை மானைச் சுட்டிருக்காங்க. இதுல ஒரு வலது பல்லை எடுத்து மாப்ளை பல்லோட வெச்சுக் கட்டிப்போடுங்க. சோடி சேந்துரும். மாமன் குடுத்ததா இருக்கட்டும்" என்றார்.

உமிச் சட்டியில் நெருப்பே இல்லாத நேரத்தில் நான் அவசரமாக ஊதுகுழலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன். மிட்டாதார் சங்கிலியைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார், நான் சட்டிக்குள் பார்த்தேன். பாவாயி வள்ளியம்மாளின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பல்லை இடுக்கி எடுக்க நான் சாமணத்தை எடுத்துச் சங்கிலிமேல் நீட்டியதுதான் தாமதம், மிட்டாதார் சட்டென்று குனிந்து அதை அள்ளிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வாசல் பக்கம் பார்த்துச் சொன்னார்: "பல்லா குடும்பம் நடத்தப் போவுது? அதைத் தூக்கிக் கடாசுங்க. தாலிக்குப் பொன்னு என்னிக்கு உருக்கறதுன்னு நாள் பாருங்க பத்தரே!"

சந்தைச் சேதி

அந்தத் தாலிக்குப் பொன் உருக்கிய அன்று எனக்கு இருந்த சந்தோஷம் என் சொந்த மகள் கல்யாணத்தில்கூட இருந்ததில்லை. செங்கோடன் அந்த இரண்டு இடது பல்லையும் தூக்கிப் போடவில்லை. பாவாயிக்கு அதை வைத்து ஒரு சோடி தொங்கல் செய்து தரச் சொன்னார். இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்து தொங்கும். யாராவது கேட்டால், சுடாத மானின் பல் என்று பாவாயி ஊர் முழுக்கப் பெருமையாகச் சொல்கிறாளாம்.

மிட்டாதார் என்மேல் கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். இல்லை, வழக்கம்போலவே வந்தார், மானும் வழக்கம்போலப் பாறை ஏறியது. சங்கிலி மட்டும் சில மாதம் பைக்குள்ளேயே இருந்தது. வெளியே எப்போது வரும் என்று நான் காத்துக்கொண்டிருந்தபோது, ஒரு சந்தை நாளில் சடையன் வந்து வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். முகத்தில் கவலை. நல்ல வாடிக்கை ஒன்று கை நழுவிப் போகிறது என்றார். என்ன என்று கேட்டேன். அவர் சுருக்குப்பையை மடியில் கொட்டிப் புரட்டிக்கொண்டே சொன்னார்: "மோகனூர்ப் பெரியவரு ஆளனுப்பியிருக்காரு சாமி. இத்தினி வருசமும் ஒண்ணும் சொல்லாம வாங்கிக்கிட்டவரு, இப்ப வலது பல்லா இருந்தாத்தான் வேணுமாம்!"

பங்காளிகளே, என் பட்டறைக்கு வந்த வேட்டைக்காரர்களில் பாதிப் பேர் துப்பாக்கிச் சத்தத்தை முதன்முதலில் கேட்டதே என் எதிரில் உட்கார்ந்துதான், அதுவும் தங்கள் வாயாலேயே.